பணக்கார வியாதி

உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்குப் போகிற சாலையில் அனுமந்தன்பட்டி என்றொரு ஊர் இருக்கிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலைத் தொடர். நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். நெல் வயல், தென்னந்தோப்பு, வாழை, திராட்சைப் பந்தல் என்று பச்சைக்குக் குறைவே இல்லாத பூமி. உழைப்புக்கும் குறைவில்லை. விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து, மலையேறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இப்படிப்பட்ட ஊர்களில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச்சு எடுத்துப் பாருங்கள். வயதானவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். "அது பணக்கார வியாதி அல்லவா? உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு வருவது. மண்வெட்டி பிடிக்கிறவனை அது என்ன செய்யும்?" என்பார்கள். தமிழ்நாடு முழுவதும் இரண்டு தலைமுறைகளுக்கு முன்னால் வழங்கிய பேச்சு இதுதான்.

அந்தப் பெயர் அந்தக் காலத்தில் பொய்யில்லை. ஆனால் இன்று அது பொய். வெறும் பொய்யல்ல, ஆளைக் கொல்லும் பொய். கூலி வேலை செய்கிற ஒருவர், "நமக்கெல்லாம் அது வராது" என்று சோதனைக்கே போகாமல் இருந்து, கால் விரலில் புண் கறுத்த பிறகு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். அரண்மனையில் இருந்த வியாதி குடிசைக்கு எப்படி வந்தது? அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், அதைத் திருப்பி அனுப்பும் வழியும் ஓரளவு தெரிந்துவிடும்.

கதை மிகப் பழையது. சரகரும் சுசுருதரும் இந்த நோயை நன்றாக அறிந்திருந்தார்கள். சிறுநீர் தேனைப்போல் இனிக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்பதைக் கண்டு 'மதுமேகம்' என்று பெயர் வைத்தார்கள். அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்த நோயில் இரண்டு வகை இருப்பதையும் கண்டுகொண்டார்கள். பிறவியிலேயே வித்தூன்றி, இளைத்து மெலிந்தவர்களுக்கு வருவது ஒன்று. தின்று, தூங்கி, உடல் பருத்தவர்களுக்கு வருவது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்றும் சொன்னார்கள். மெலிந்தவனைப் போஷிக்க வேண்டும். பருத்தவனை இளைக்க வைக்க வேண்டும். மேல்நாட்டு வைத்தியம் இந்தப் பிரிவினையைத் தெளிவாக நிலைநாட்டியது 1936-ல்தான். லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற டாக்டர், இன்ஸுலினுக்கு இணங்குகிற உடம்பு ஒன்று, இணங்காத உடம்பு ஒன்று என்று இரண்டு வகை நோயாளிகள் இருப்பதைப் பரிசோதித்துக் காட்டினார்.

பருத்த நோயாளிக்குச் சுசுருதர் எழுதிய மருந்துச் சீட்டு மிகவும் ரசமானது. செருப்பும் குடையும் இல்லாமல், முனிவனைப்போல் பிச்சை எடுத்து உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்குமேல் தங்காமல், நூறு யோசனை தூரமாவது நடக்க வேண்டுமாம். செல்வந்தனாக இருந்தால் குதிரைவாலி, காட்டு நெல் போன்ற புல்லரிசிகளைத் தின்று மான்களோடு மானாக வசிக்க வேண்டுமாம். இன்னும் சிலர் ஏர் உழலாம்; சிலர் கிணறு வெட்டலாம்!

இந்தச் சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். பணக்காரனைக் குணப்படுத்த வேண்டுமென்றால் அவனைச் சம்சாரியாக்கு என்பதுதான் அதன் சாரம். கிணறு வெட்டி, ஏர் உழுது, சாமையும் வரகும் தின்று, எங்கே போனாலும் நடந்தே போய் வாழ்ந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார்கள். சுசுருதரின் பெயரைக் கேட்காமலே அவருடைய மருந்தைத் தினமும் மூன்று வேளை சாப்பிட்டு வந்தவர்கள் அவர்கள். அதனால்தான் மதுமேகம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஏறவில்லை. பணக்கார வியாதி என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

ஐரோப்பாவுக்கு இந்த விஷயம் மெதுவாகத்தான் எட்டியது. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 1674-ல் சிறுநீரின் இனிப்பை எழுதிவைத்தார். லிவர்பூலில் மேத்யூ டாப்ஸன் 1776-ல் அதைக் காய்ச்சி, அடியில் தங்கியது சர்க்கரைதான் என்று காட்டினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பாரிஸ் நகரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 1870-71-ல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டது. ரொட்டிக்கும் இறைச்சிக்கும் பஞ்சம். ஊரே பசியில் வாடியபோது, பூஷார்டா என்ற வைத்தியர் தம்முடைய நீரிழிவு நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரில் சர்க்கரை மறைந்துபோனதைக் கவனித்தார். அப்புறம் அவர் நோயாளிகளுக்குச் சொன்ன புத்திமதி: குறைவாகச் சாப்பிடு, வேர்க்க வேலை செய். சுசுருதர் சொன்னதையேதான் அவரும் பிரெஞ்சு மொழியில் சொன்னார்.

ஆனால் இந்தப் புத்திமதி எல்லாருக்கும் பொருந்தாது. அதைச் சொல்லாமல் விட்டால் பெரும் பாவம் வந்து சேரும். குழந்தைகளுக்கு வருகிற நீரிழிவு வேறு. அதில் கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துவிடுகின்றன. குழந்தை தின்றதும் காரணமல்ல, ஓடி விளையாடாததும் காரணமல்ல. பெற்றோரின் பாவ புண்ணியமும் காரணமல்ல. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்கில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அதற்கு நீரிழிவு வந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து தெரியவில்லை. வேறு வழியில்லாமல் டாக்டர்கள் அந்தக் குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள், ஒரு வருஷம் என்று உயிரை நீட்டிப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமாகப் பிள்ளை கண்முன்னே கரைவதைத் தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1921-ல் கனடா நாட்டு டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து சாறு எடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ம் தேதி லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். சாறு சுத்தமாக இல்லை. பலன் சரியாக இல்லை. காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ம் தேதி மறுபடியும் ஊசி. பையன் பிழைத்தான், இன்னும் பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக் கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உயிர் மருந்தை வைத்து வியாபாரம் செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆகையால் குழந்தைக்கு நீரிழிவு என்றால் இன்ஸுலின்தான் மருந்து. பத்தியமும் கஷாயமும் அதற்கு ஈடாகா. ஆவாரம்பூவுக்கு நம் நாட்டில் நல்ல பெயர் உண்டு, இருக்கட்டும். அதை நம்பிக் குழந்தைக்கு ஊசியை நிறுத்துவது, 1922-க்கு முந்தைய காலத்துக்கு அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்குச் சமானம். வீட்டில் குளிர்ப் பெட்டி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. ஈரமணலிலோ தண்ணீரிலோ வைத்த மண் பானையின் குளிர்ச்சியில் இன்ஸுலினைக் கெடாமல் வைத்துக்கொள்ள முடியும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1907-ல் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கூடியபோது, வெப்ப நாடுகளில் நீரிழிவு என்பதைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. கல்கத்தா டாக்டர்களின் அனுபவம் அங்கே விரிவாகப் பேசப்பட்டது. வங்காளத்தில் ஜமீன்தார்கள், வக்கீல்கள், நீதிபதிகள், உத்தியோகஸ்தர்கள் இந்த நோயால் அவதிப்படுகிறார்கள். வயலில் வேலை செய்கிறவனுக்கு அபூர்வமாகவே வருகிறது என்பதுதான் பேச்சின் சாரம். பணக்கார வியாதி என்ற பட்டம் இப்படி வைத்திய உலகத்திலும் பதிவாகிவிட்டது.

சென்னையில் இதற்கென்றே வாழ்க்கையைக் கொடுத்தவர் டாக்டர் மு. விசுவநாதன். 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனியாக ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1971-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்காகவே ஒரு மருத்துவமனை அவரால் உண்டாயிற்று. சர்க்கரை வியாதி என்றால் சோற்றைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று மிரட்டிய காலம் ஒன்று இருந்தது. நார்ச் சத்து நிறைந்த உணவாக, அளவோடு இருந்தால், தானிய உணவு சாப்பிட்டுக்கொண்டே நோயைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று அவரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். தென்னாட்டு வயிற்றுக்குத் தென்னாட்டு டாக்டர் கண்ட வழி அது.

கம்பம் பள்ளத்தாக்கின் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். 1876 முதல் 78 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், மேற்கே ஓடி வீணாகக் கடலில் விழுகிற பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனை வேகம் பிடித்தது. 1887-ல் வேலை தொடங்கியது. வெள்ளமும் காய்ச்சலும் காட்டு மிருகங்களும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயின. கர்னல் பென்னிகுவிக் விடவில்லை. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. இன்றும் ஜனவரி 15-ம் தேதி பள்ளத்தாக்கு ஜனங்கள் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது இந்தத் தண்ணீரால்தான்.

பசியைப் பார்த்த பூமியில் நெல் விளைந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. சோளக் கூழும் கம்மங் கஞ்சியும் குடித்தவர்களுக்கு நெல்லுச் சோறு என்பது தீபாவளி, பொங்கல் பண்டம். தினமும் நெல்லுச் சோறு சாப்பிடுவதே கௌரவம் என்று ஆனதும் இயற்கைதான். ஆனால் நெல்லோடு நெல்லாக இரண்டு மாறுதல்கள் சத்தமில்லாமல் வந்தன. ஒன்று, அரிசி ஆலை. உலக்கையால் குத்திய அரிசியில் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் நாரும் சத்தும் இருக்கும். ஆலை அதைச் சீவி எடுத்துப் பளபளப்பாக்கியது. பார்க்க அழகு, உடம்பில் போய்ச் சர்க்கரையாக மாறுவதிலும் வேகம்.

குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்ற டாக்டர் 1920-களில் இதைப் பற்றி ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்ற எலிகள்தான் வரிசையில் கடைசி. அவர் பார்த்தது நீரிழிவை அல்ல, பொதுவான உடல்நலத்தை. ஆனாலும் எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது. காந்தியடிகளும் அவருடைய பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார்கள். குமரப்பா தம் கடைசிக் காலத்தை மதுரை ஜில்லாவில் தே. கல்லுப்பட்டியிலேயே கழித்தார், 1960 ஜனவரி 30-ல் காலமானார். அவர் பேச்சைத் தேசம் கேட்கவில்லை. நாகரிகம் வெள்ளை அரிசியின் பக்கம் நின்றது.

இரண்டாவது மாறுதல் வேலையில் வந்தது. கமலை மாடு போய் மோட்டார் பம்பு வந்தது. ஏர் போய் டிராக்டர்; கதிர் அரிவாள் போய் அறுவடை இயந்திரம். வீட்டுக்குள்ளே உரலும் உலக்கையும் திருகையும் மூலையில் ஒதுங்கின. பத்து மைல் நடந்த கால் பஸ்ஸில் ஏறியது. பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறியது. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. முதுகு ஒடிய வேலை செய்தவளுக்குக் கிரைண்டர் வந்தது வரப்பிரசாதம். ஆனால் வேலை பாதியாகக் குறைந்தபோது தட்டில் இருந்த சோறு குறையவில்லை, கூடியது. சுசுருதரின் மருந்துச் சீட்டிலிருந்து கிணறு வெட்டுவது அடிபட்டது, ஏர் உழுவது அடிபட்டது, நடை அடிபட்டது, சாமையும் குதிரைவாலியும் அடிபட்டன. சீட்டு வெள்ளைக் காகிதமாயிற்று. பிறகு வியாதி ஏன் வராது?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கடல் கடந்த தமிழர்களின் கதை இதற்கு முன்னோட்டம். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் பெரும்பாலோர். வயிற்றுக்கு இல்லாமல் கப்பலேறியவர்கள். நூறு வருஷம் கழித்து, 1960-களில், டர்பனில் ஜி. டி. காம்ப்பெல் என்ற டாக்டர் அந்தக் கூலிகளின் பேரன் பேத்திகளைப் பரிசோதித்தபோது, அவர்களிடையே நீரிழிவு மண்டிக் கிடந்தது. அதே இரத்தம், அதே குலம். இந்தியக் கிராமத்தில் இருந்த உறவினர்களிடம் அந்த நோய் அபூர்வம். மாறியது சாப்பாடும் வாழ்க்கையும்தான். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த ஜூலு மக்களிடம் அவர் இன்னொன்றையும் கண்டார். வாழ்க்கை மாறிய உடனே நோய் வருவதில்லை; சுமார் இருபது வருஷம் உள்ளே காத்திருந்து பிறகு தலை தூக்குகிறது. கடன் வாங்கியவனுக்கு உடனே வட்டி தெரியாதது போல!

நம் கணக்கும் அப்படித்தான் ஏறியது. 1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல இடங்களில் எடுத்த கணக்கில், நகரத்தில் நூற்றுக்கு 2.1 பேருக்கும் கிராமத்தில் 1.5 பேருக்கும் நீரிழிவு இருந்தது. 1988-89-ல் சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரனும் சகாக்களும் பார்த்தபோது நகரத்தில் 8.2, பக்கத்துக் கிராமங்களில் 2.4. 2003-ல் கிராமங்களில் மறுபடியும் பார்த்தார்கள், 6.4 ஆகியிருந்தது. 2006-ல் சென்னையில் 18.6, காஞ்சிபுரத்தில் 16.4, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் 9.2. 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கின்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு; இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்.

இதே ஆராய்ச்சியின் ஒரு பகுதி 2017-ல் வெளியாயிற்று. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகிய வசதியான பகுதிகளின் நகரங்களில், பணக்காரர்களைவிட ஏழைகளுக்கே நீரிழிவு அதிகம் என்று அதில் கண்டார்கள். பழைய பெயர் அன்றைக்கே செத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். பணக்காரன் காலையில் கடற்கரையில் நடக்கிறான்; காய்கறியும் பழமும் வாங்குகிறான்; சோதனை செய்து பார்க்கிறான். ஏழைக்குக் கைக்கு எட்டுவது வெள்ளை அரிசி, சர்க்கரை போட்ட டீ, எண்ணெயில் பொரித்த பலகாரம். பணக்காரன் சுசுருதரின் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டான். ஏழையிடமிருந்து அது பறிபோய்விட்டது. வியாதி கட்சி மாறியது இப்படித்தான்.

"மலையேறிக் கூலி வேலை செய்கிறவளுக்கும் வருகிறதே, அது ஏன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் சோறும் வேலையும் மட்டும் காரணமென்றால் இதற்குப் பதில் கிடைக்காது. பதில் தாயின் வயிற்றில் இருக்கிறது. கருவில் போஷாக்கு இல்லாமல் வளர்ந்த குழந்தையின் உடம்பு சிக்கனத்துக்குப் பழகிக்கொள்கிறது. பின்னால் தாராளமாகச் சாப்பாடு வந்தால் அந்த உடம்பால் அதைச் சமாளிக்க முடிவதில்லை என்று இங்கிலாந்தில் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இருவர் 1992-ல் சொன்னார்கள். புனாவில் டாக்டர் யாக்னிக், பக்கத்துக் கிராமத்துக் குழந்தைகளை எடைபோட்டுப் பார்த்தார். சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தையிடம் குறைந்திருந்தது தசைதான். கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து தோன்றும் உடம்புக்குள்ளே ஒளிந்திருக்கும் கொழுப்பு! ஒல்லியாக இருக்கிறோம், நமக்கு வராது என்று நம்மவர்கள் தைரியமாக இருக்க முடியாததற்குக் காரணம் இது. பாட்டி கண்ட பஞ்சம் பேரனின் இரத்தத்தில் சர்க்கரையாக இனிக்கிறது என்றால் அது கதாசிரியனின் கற்பனையில்லை.

எனவே தடுப்பு வேலை கருவிலேயே தொடங்க வேண்டும். இதில் தமிழ்நாடு வழிகாட்டியது. கர்ப்பிணிகளுக்கு வருகிற நீரிழிவைப் பற்றி டாக்டர் வி. சேஷையா பல வருஷங்கள் ஓயாமல் எடுத்துச் சொன்னார். வெறும் வயிற்றோடு வா, நாளைக்கு வா என்று கிராமத்துப் பெண்ணை அலைக்கழிக்காமல், வந்த அன்றே, சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்க்கும் எளிய முறையை வகுத்தார். 140 மில்லி கிராமும் அதற்கு மேலும் இருந்தால் கவனிப்புத் தேவை. 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையை ஏற்பாடு செய்தது. தாயின் சர்க்கரையைக் கவனித்தால் இரண்டு தலைமுறைக்குக் காவல் போட்டாற்போல. பிரசவத்தோடு சர்க்கரை மறைந்துவிட்டதே என்று அந்தத் தாய் மறந்துவிடக் கூடாது. பின்னாளில் அவளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் செய்ய வேண்டியது சுலபம்: விளையாட விடுவது. பரீட்சைக்காக மைதானத்தைப் பூட்டுகிற பெற்றோரும் பள்ளிக்கூடமும் இருபது வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் நோய்க்கு விதை போடுகிறார்கள். சர்க்கரைத் தண்ணீருக்குக் கலர் போட்டுப் புட்டியில் அடைத்து விற்கும் பானங்களை வீட்டுக்குள் விடாதிருப்பதும் இந்த வயதின் காவல்தான்.

இளமைக்கும் நடுவயதுக்கும்தான் மிகப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை சென்னையில் பிறந்தது என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது என்ற நிலையில் இருந்த 531 பேரை டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி நேரமாவது நடை, சர்க்கரையும் எண்ணெயும் வெள்ளைத் தானியமும் குறைத்து நார் உணவைக் கூட்டிய சாப்பாடு என்று நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்தும் அதற்குமேல் பலன் இல்லை. காசு செலவில்லாத நடை, மாத்திரைக்குச் சமானமாக நின்றது! இன்னொரு விசேஷம்: அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. தராசு முள் அசையவில்லையே என்று மனம் உடைந்து நடையை விட்டுவிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதுமைக்கு நியாயம் வேறு. வயதானவருக்குச் சர்க்கரை ஏறுவது ஓர் ஆபத்து என்றால், மருந்து மிஞ்சிச் சர்க்கரை திடீரென்று இறங்குவது இன்னொரு ஆபத்து. மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படுத்த படுக்கைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியில், சர்க்கரையை மிகக் கடுமையாக இறக்க முயன்ற பகுதியில் மரணம் அதிகமானதால் 2008-ல் அந்த முயற்சியையே நிறுத்தினார்கள். எழுபது எண்பது வயதுத் தகப்பனாரை முப்பது வயதுக்காரருக்குரிய கணக்கால் அளந்து, பிடிச் சோற்றுக்கும் அதட்டுவது வைத்தியமும் அல்ல, தர்மமும் அல்ல. அவருக்கு வேண்டியது நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு மருந்து, தினமும் ஒருவர் அவர் பாதத்தைப் பார்த்துச் சொல்வது.

பாதம் என்றதும் வேலூரை நினைக்காமல் இருக்க முடியாது. கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயாளிகளின் கால் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் நேராக விரலைத் தின்னவில்லை. உணர்ச்சி மரத்துப்போனதால் முள்ளும் சூடும் தெரியாமல் புண்ணாகி அழிகிறது என்று கண்டார். அதற்காக மெத்தென்ற ரப்பர் செருப்பு உருவாயிற்று. நீரிழிவுக்காரரின் காலும் அதே மாதிரி மரத்துப்போகிற கால்தான். தொழுநோயாளிக்காகத் தைத்த செருப்பு பிறகு நீரிழிவுக்காரரின் காலையும் காப்பாற்றியது. செருப்பில்லாமல் நடக்கச் சொன்ன சுசுருதரை இந்த ஓர் இடத்தில் மட்டும் நாம் மீற வேண்டும். வரப்பில் வெறுங்காலோடு நடப்பது நம் பழக்கம். சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

2021 ஆகஸ்டு 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. வீடு தேடிப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு. கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கால்கடுக்க நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கதவைத் தட்டுகிறவரிடம், "எங்களுக்கு எதற்கம்மா அது? அது பணக்கார வியாதி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டால் எந்தத் திட்டம்தான் என்ன செய்யும்?

பென்னிகுவிக் கொண்டுவந்த தண்ணீர் பசியைப் போக்கியது. அந்த உபகாரத்தை மறக்க வேண்டாம். பழையபடி கிணறு வெட்டப் போகவும் வேண்டாம். ஆனால் வேலை குறைந்த உடம்புக்கு வேலை குறைந்த அளவு சோறு போதும் என்பதையும், மாலையில் வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடப்பது யாருக்கும் அவமானமல்ல என்பதையும் ஒப்புக்கொண்டால் போதும். குதிரைவாலியையும் சாமையையும் வாரத்தில் நாலு நாள் அடுப்பில் ஏற்றினால் அதுவும் நல்லது. உட்கார்ந்து சாப்பிட்ட பணக்காரனுக்காக அந்தக் காலத்தில் எழுதிய சீட்டு அது. இப்போது அது நம் எல்லாருடைய பெயருக்கும் எழுதப்பட்டிருக்கிறது.